ஆறு வயதுப் பையனை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறவர்கள் இருக்கிறீர்களா?

குடமுருட்டிக்கரை:
போன தையில் சென்னையிலிருந்து மாமனார் வீட்டோடு வந்துவிட்டோம், பாபநாசம் பக்கம் கிராமம். மூத்தவனுக்கு ஆறு முடிந்துவிட்டது, சின்னவளுக்கு மூன்றரை. அங்கே அவன் படித்த பள்ளியில் யுகேஜியிலேயே தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம், முடிக்காமல் போனால் இடைவேளைக்கு வெளியே விடமாட்டார்கள். காலையில் நான் ஷூவைக் கையில் எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்பான். இங்கே வந்த பிறகு அந்த வயிற்றுவலி ஒரு நாள்கூட வரவில்லை. அதனால் ஒரு இரண்டு வருஷம் நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று ஜூனில் எங்கேயும் சேர்க்கவில்லை.

நான் பி.எஸ்சி. கணிதம், ஆனாலும் உட்காரவைத்த அரை மணியில் சண்டை வந்துவிடுகிறது. நேற்று ‘ர’, ‘ற’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி, நான் அழிக்கச் சொல்ல, அவன் அழ, பின்னால் நானும் அழுதேன். “ஊர்ப் பிள்ளையெல்லாம் போகுது, இவன் மட்டும் திண்ணையில உக்காந்திருக்கான், நாலு பேர் கேட்டா என்னம்மா சொல்றது” என்கிறார் மாமனார். சட்டப்படி இது சரியா? பின்னால் பத்தாவது எழுத முடியுமா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

வடுவூர்ஏரி:
தங்கச்சி, எங்கள் வீட்டில் இது நாலாவது வருஷம், மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஏழு. முதல் மூன்று மாதம் நானும் ஒன்பது மணிக்கு உட்காரவைத்து பன்னிரண்டரை வரைக்கும் விடமாட்டேன். வீட்டையே பள்ளிக்கூடமாக்கினால் பிள்ளைக்கு அம்மாவும் போய்விடுகிறாள், இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. இப்போது டிபன் ஆனதும் ஒரு மணி நேரம், பாதி வாசிப்பு, பாதி எழுத்தும் கணக்கும். அந்த வயசுக்கு அது போதும்.

மிச்சமெல்லாம் தானாக வரும். மேட்டூர் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறதே, அதை என் மகள் கொல்லைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாள். முழுக் கொள்ளளவுக்கு 120 அடி, இன்றைக்கு இவ்வளவு, இன்னும் எத்தனை அடி வேண்டும் என்று கழிப்பாள். ஒரு நாள் “புள்ளிக்குப் பின்னால ரெண்டு எண் எதுக்கும்மா” என்று கேட்டாள், அன்றைக்குத்தான் தசமம் ஆரம்பித்தோம். ஜூன் 12 அங்கே திறந்தால் கல்லணைக்கு என்றைக்கு வரும், நம் வாய்க்காலுக்கு என்றைக்கு வரும் என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பாள்.

மாமனார் விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் மாமாவும் இதே பேச்சுதான் பேசினார். நான் போய் “மாமா, நில அளவு நீங்கதான் சொல்லிக்கொடுக்கணும், எனக்குத் தெரியாது” என்றேன். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று வரப்பில் நடக்கவைத்தே சொல்லிக்கொடுத்தார். ஒரு மா சுமார் 33 சென்ட், அப்படியானால் நம் வயல் எத்தனை ஏக்கர் என்று பிள்ளை போட்டுக் காட்டியதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் யாராவது கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உனக்கென்று பத்து நிமிஷம் கிடைக்காது. பகலில் தெருவில் ஒரு குழந்தை இருக்காது. நாலரைக்கு வேன் வரும் வரைக்கும் என் மகள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள், எந்த வேன் என்று ஹாரனை வைத்தே சொல்லிவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாம் செய்வது சரிதானா என்று இன்னும் கலங்குகிறேன். ஆறரை வயது வரைக்கும் வாசிக்கவே வராத மகன், ஒரு சாயங்காலம் கொட்டகையில் கிடந்த சாக்கைப் பார்த்து “யூ… ரி… யா… யூரியா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். அந்தக் குரலை நான்தான் முதலில் கேட்டேன். அதை நினைத்துத்தான் ஓட்டுகிறேன்.

திருவாரூர்டீச்சர்:
அம்மா, நான் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உன் பிள்ளையை வாட்டியது அந்தப் பள்ளிக்கூடம், எல்லாப் பள்ளிக்கூடமும் இல்லை. உங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியை ஒரு தடவை போய்ப் பார்த்தாயா? 2022இலிருந்து ஒன்று முதல் மூன்று வரைக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்துவிட்டது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்ப ஆட்டமும் பாட்டுமாக நடத்துகிறார்கள். வகுப்பில் குழந்தைகள் குறைவாக இருந்தால் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தே கவனிக்க முடியும். ஆறு வயதில் ஒரு சிநேகிதனோடு சண்டை போட்டு, மறுபடி சேர்ந்து விளையாடுவதை அம்மா சொல்லிக்கொடுக்க முடியாது.

வீட்டில்தான் என்று முடிவெடுத்தாலும் பயமில்லை. பிறகு கொண்டுவந்து விட்டால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது.

ர, ற இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்காதே. நம் பேச்சில் மரமும் மறதியும் காதுக்கு ஒன்றாகத்தான் விழுகிறது, பிள்ளை எதை வைத்துப் பிரிப்பான்? ‘ர’ கையில் நன்றாக உட்காரட்டும். அப்புறம் ‘ற’வை இரட்டித்து வரும் சொல்லில் காட்டு. நாற்று, காற்று, சேற்று நிலம். அங்கே சத்தமே வேறு, தானாகப் பிடித்துக்கொள்வான்.

மாயவரத்துஅப்பா:
சட்டம் மட்டும் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது, 6 முதல் 14 வயது வரை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை. வீட்டுக்கல்வி என்று தனியாக ஒரு ஏற்பாடும் இல்லை. 14 முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்ஐஓஎஸ்) பத்தாவது எழுதலாம், ஐந்து பாடம், வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. நம் மாநிலத்தில் பன்னிரண்டரை வயது ஆனால் தனித்தேர்வராக எட்டாவதும் எழுதலாம். பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், அவன் எழுதும் நோட்டில் தேதி போட்டு வையுங்கள்.

குடமுருட்டிக்கரை:
அக்கா, டீச்சர், சார், மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி இரண்டு தடவை படித்தேன். காலையில் மாமாவிடம் “இவனை நாற்றங்காலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா” என்று கேட்டேன், ஒன்றும் சொல்லாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டிப்போனார். முட்டி வரைக்கும் சேற்றோடு வந்து “முப்பத்தெட்டு நாத்துக்கட்டு எண்ணினேன், தாத்தா நாப்பதுங்கிறாங்க” என்று சண்டைக்கு நின்றான். திங்கட்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு நம் ஊர்ப் பள்ளியைப் பார்க்கப் போகிறேன், சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன்.

டீச்சர், சாப்பிட்டதும் அவனே நோட்டை எடுத்து ‘நாற்று’ என்று எழுதிவிட்டான், நான் ரப்பரைத் தொடவே இல்லை. அடுத்து காற்றா, கிணற்றா?