டிப்பரில் எரியும் மஞ்சள் விளக்கு

வாட்ஸ்அப் குழு: தோட்டத்து வீடு

செவ்வாய், காலை 6:04

அத்தை: எல்லோருக்கும் காலை வணக்கம். வெள்ளிக்கிழமை சீர் சாமான் எடுத்துப் போக வண்டி சொல்லியாச்சா இல்லையா?

பெரியண்ணன்: (படம்) மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. பன்னிரண்டு சக்கர டிப்பர். நேற்று மாலை மஞ்சள் விளக்கு வந்தது. இன்று குவாரி மேட்டில் லோடோடு ஏறத் திணறுகிறது.

சங்ககிரி மாமா: டெஃப் விளக்கு மாப்பிள்ளை. டெஃப் என்றால் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல். டேங்கில் யூரியா இருக்கிறதா?

பெரியண்ணன்: முக்கால் டேங்க் இருக்கிறதுங்க. ராத்திரி ஒரு பக்கெட் ஊற்றியும் பார்த்தோம். விளக்கு அணையவில்லை.

அத்தை: யூரியாவா வேண்டும் சாமி? நெல்லுக்கு வாங்கியது இரண்டு மூட்டை தோட்டத்தில் கிடக்கிறதே.

சங்ககிரி மாமா: ஐயோ, அதைத் தொட்டுவிடாதீர்கள். 2015 முதல் நம் நாட்டு வயல் யூரியா பெரும்பாலும் வேப்ப எண்ணெய் பூசி வருவது. கரைத்து ஊற்றினால் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் போய்விடும். மானிய யூரியாவை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட. வண்டிக்கு ஊற்றுவது 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். கேன் தண்ணீர்கூட ஆகாது.

நான்: மாமா, காலேஜ் நண்பன் ஒருவன் எமுலேட்டர் பெட்டி என்று ஒன்று சொன்னான். மாட்டிவிட்டால் யூரியாவே வேண்டாமாம்.

சங்ககிரி மாமா: நண்பனை நன்றாகப் படிக்கச் சொல்லு. அந்தப் பெட்டி, யூரியா போகிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும், அவ்வளவுதான். சட்டமும் விடாது. நோய் எங்கே என்றும் தெரியாமல் போகும்.

சங்ககிரி மாமா: மாப்பிள்ளை, விளக்கு நேற்று மாலைதான் வந்ததா? டிரைவரிடம் கேட்டுப் பார். டோசிங், அதாவது யூரியா பீய்ச்சுவது, நடக்கவில்லை என்று வண்டி முடிவு செய்தால், சுமார் 10 மணி நேர ஓட்டத்தில் இழுவையைக் கால் பங்கு குறைக்கும். 20 மணி நேரம் தாண்டினால், நிறுத்தி எடுக்கும்போது 20 கிலோமீட்டர் வேகத்தோடு கட்டிப்போடும். பி.எஸ். 6 புகை விதி அப்படி. இழுவை இப்போதே குறைந்திருக்கிறது என்றால் விளக்கு பழையது.

பெரியண்ணன்: கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையே வந்ததாம். தானாக அணையும் என்று ஓட்டியிருக்கிறார்.

காலை 9:40

பெரியண்ணன்: கரூரில் ஸ்கேனர்காரரைக் கூட்டி வந்தாயிற்று. இரண்டு பிழைக் குறியீடு வருகிறது. எஸ்.பி.என். 4364, எஃப்.எம்.ஐ. 18. இன்னொன்று எஸ்.பி.என். 5394, எஃப்.எம்.ஐ. 7. நாக்ஸ் (புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரும் யூரியா பம்ப்பும் மாற்ற வேண்டும் என்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம்.

சங்ககிரி மாமா: ஒரு ரூபாயும் கொடுக்காதே. நான் ஓசூரில் இருக்கிறேன், இன்று வர முடியாது. அவரை விட்டே பார்த்துவிடலாம்.

சங்ககிரி மாமா: 4364 என்றால் சைலன்சர் புகையைச் சுத்தம் செய்வது குறைந்துவிட்டது என்று பொருள். அது புலம்பல்தான், காரணம் அது இல்லை. 5394 யூரியா பீய்ச்சும் வால்வு. 7 என்றால் சொன்ன வேலையை அது செய்யவில்லை. இந்த வால்வால்தான் 4364 வந்திருக்கும். முதலில் நாக்ஸ் அளவைப் பார்க்கச் சொல். வண்டி சூடாகி ஓட்டத்தில் இருக்கும்போது, கேட்டலிஸ்டுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு?

நான்: நான் டிப்பரில் உட்கார்ந்துதான் பார்த்தேன் மாமா. முன்னால் 610, பின்னால் 580.

சங்ககிரி மாமா: பார்த்தாயா. இரண்டு சென்சாரும் தனித்தனி. இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் இரண்டும் சேர்ந்து பொய் சொல்கின்றன என்று நினைப்பதா, நடுவில் எதுவுமே நடக்கவில்லை என்று நினைப்பதா? சென்சார் நல்லது. நடுவில் யூரியா போகவில்லை.

நான்: பின்னால் மட்டும் அளவு ஏறி இருந்தால்?

சங்ககிரி மாமா: நல்ல கேள்வி. அப்போதும் உடனே சென்சாரைக் குறை சொல்லக் கூடாது. அந்த சென்சாருக்கு நாக்ஸும் அம்மோனியாவும் ஒன்றாகத்தான் தெரியும். யூரியா அதிகமாகப் போனாலும் பின்னால் அளவு ஏறும். அதை விடு. பம்ப்பை ஓட்டி பிரஷர் பார்க்கச் சொல்.

பெரியண்ணன்: 9 பார் வந்து நிற்கிறதுங்க. இறங்கவில்லை.

சங்ககிரி மாமா: பம்ப் கல்லு மாதிரி இருக்கிறது. அதையா மாற்றச் சொன்னார்? சரி, யூரியாவை ஒரு கண்ணாடி டம்ளரில் எடு. மேலே எண்ணெய் மிதக்கிறதா?

பெரியண்ணன்: தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது. ஸ்கேனர்காரரிடம் யூரியா சதவீதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் இருக்கிறது. 32 காட்டுகிறது.

சங்ககிரி மாமா: நல்லது. டீசல் கலந்திருந்தால் உள்ளே ரப்பர் எல்லாம் ஊதியிருக்கும், செலவு வேறு மாதிரி போயிருக்கும். பக்கெட்டில் தேதியையும் பாரு. 35 டிகிரி வெயிலில் வைத்தால் ஆறு மாதம்தான் தாங்கும், கரூர் வெயிலில் அது கொஞ்சம்தான்.

பெரியண்ணன்: போன மாதம் தயாரித்தது மாமா.

சங்ககிரி மாமா: கண்ணு, சின்னவளே, கணக்கு நோட்டு கையில் இருக்கிறதா? இந்த வண்டிக்கு மாதா மாதம் டீசல் எவ்வளவு, யூரியா எவ்வளவு?

சின்ன அக்கா: இருக்கிறது மாமா. மே: டீசல் 2,100 லிட்டர், யூரியா 96. ஜூன்: 2,050, யூரியா 90. ஜூலை: 2,080, யூரியா 47. இந்த மாதம் இதுவரை 1,150, யூரியா 14. குறைந்ததைப் பார்த்து நல்ல மைலேஜ் என்று சந்தோஷப்பட்டேன்.

சங்ககிரி மாமா: அதுதான் நோயின் முதல் அறிகுறி. நூறு லிட்டர் டீசலுக்கு மூன்றிலிருந்து ஐந்து லிட்டர் யூரியா போக வேண்டும். ஜூலையில் பாதியாகி, இப்போது ஒரு லிட்டர் சொச்சத்துக்கு வந்திருக்கிறது. ஸ்கேனர் இன்று சொன்னதை உன் நோட்டு ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

சின்ன அக்கா: இதைத்தான் அண்ணன் "நோட்டு எழுதி என்ன ஆகப் போகிறது" என்பார்.

பெரியண்ணன்: சரி சரி.

சங்ககிரி மாமா: இப்போது முக்கியமான வேலை. சைலன்சர் பைப்பிலிருந்து யூரியா பீய்ச்சும் அந்த வால்வை, அதாவது நாசிலைக் கழற்றி, ஒயர் அப்படியே இருக்க, ஒரு அளவு ஜாடிக்குள் தொங்கவிட்டு, ஸ்கேனரிலிருந்து டோசிங் டெஸ்ட் ஓட்டச் சொல். ஆறிய பிறகு கழற்றுங்கள். கையுறை போடுங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கனெக்டருக்குள் ஊர்ந்து போய்ச் செம்பைத் தின்னும்.

மதியம் 12:25

நான்: (படம்) (படம்) மாமா, இதைப் பாருங்கள். நாசில் வாயில் சுண்ணாம்புக் கல் மாதிரி வெள்ளையாகத் தொங்குகிறது. ஜாடியில் நாலைந்து சொட்டுதான் விழுந்தது. 100 மில்லி விழ வேண்டுமாம்.

சங்ககிரி மாமா: பிரஷர் இருக்கிறது, அளவு இல்லை. அடைப்பு அங்கேதான். இனி வெந்நீரில் ஊறவிட்டுக் கரையுங்கள். ஸ்க்ரூடிரைவர், கம்பி எதுவும் ஆகாது, துளை பெரிதானால் நாசில் குப்பைக்குத்தான். பைப்புக்குள் ஒட்டியிருப்பதையும் எடுங்கள். மாட்டும்போது பேக்கிங் புதிது போட வேண்டும்.

சங்ககிரி மாமா: ஆனால் இது ஏன் கட்டியது என்று தெரியாமல் மாட்டினால் அடுத்த மாதம் இதே கதை. குவாரியில் க்யூவில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்குமா?

பெரியண்ணன்: ஒரு மணி, இரண்டு மணி நேரம் நிற்கும்.

சங்ககிரி மாமா: அதுவும் ஒரு காரணம். 200 டிகிரி சூடு இல்லாமல் யூரியா சரியாக ஆவியாகாது. ஆனால் மே மாதமும் அதே க்யூதானே? ஜூன் கடைசியில் என்ன மாறியது?

பெரியண்ணன்: எதுவும் மாறவில்லை மாமா. அதே டிரைவர், அதே பங்க்.

நான்: அண்ணா, ஜூன் கடைசியில்தான் புது பேட்டரி போட்டோம்.

சங்ககிரி மாமா: பேட்டரிக்கும்... இரு. வண்டி நிறுத்தினால் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை யார், எப்போது ஆஃப் செய்கிறார்?

நான்: டிரைவர் அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார். "சாவி எடுத்த கையோடு ஆஃப் பண்ணிவிடுவேனுங்க. பேட்டரி இறங்குகிறது என்று முதலாளி சொன்னாருங்களே" என்கிறார்.

சங்ககிரி மாமா: கிடைத்தது மாப்பிள்ளை. சாவி எடுத்ததும் பம்ப் ஒன்றிரண்டு நிமிடம் எதிர்ப்பக்கம் ஓடி, லைனிலும் நாசிலிலும் நிற்கும் யூரியாவை டேங்குக்கே இழுத்துக்கொள்ளும். காது கொடுத்தால் ஒரு முனகல் கேட்கும். அதற்குள் கரண்டை வெட்டினால் யூரியா அங்கேயே நிற்கும். சைலன்சர் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஐம்பது நாள். கணக்குப் போட்டுக்கொள்.

பெரியண்ணன்: நான்தான் சொன்னேன். ராத்திரி செல்ஃப் எடுக்காமல் போன கோபத்தில்.

அத்தை: பாவம், டிரைவரைத் திட்டினாயா சாமி?

பெரியண்ணன்: காலையில் திட்டிவிட்டேன் அத்தை.

மாலை 5:50

நான்: ஜாடியில் 98 மில்லி விழுந்தது. மாட்டி, லோடேற்றி ஓட்டினோம். முன்னால் 590, பின்னால் 45. இழுவை வந்துவிட்டது. விளக்கு மட்டும் இன்னும் எரிகிறது.

சங்ககிரி மாமா: வண்டிக் கம்ப்யூட்டர் நம்ப நேரம் எடுக்கும். நாளை காலை லோடோடு ஒரு மணி நேரம் ஓடட்டும். அணையாவிட்டால் கூப்பிடு. ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழிக்கச் சொல்லிக் காசு கொடுக்காதே.

புதன், காலை 8:15

பெரியண்ணன்: (படம்) அணைந்துவிட்டது மாமா. சுவிட்சுக்கு மேலே "இரண்டு நிமிடம் கழித்து" என்று பெயிண்டில் எழுதிவிட்டேன்.

சங்ககிரி மாமா: டிரைவருக்கு டீ வாங்கிக் கொடு.

அத்தை: சரி, என் சீர் சாமானுக்கு எந்த வண்டி? இந்த டிப்பர் என்றால் நான் வரவே மாட்டேன்.

சின்ன அக்கா: பெட்ரோல் குட்டி யானை சொல்லிவிட்டேன் அத்தை. வெள்ளி காலை ஐந்தரைக்கு.