[கலைச்சொல்] கிம்ப்: 'ஹீல்' கருவிக்கு என்ன பெயர்?

சேலத்திலிருந்து:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் பயிற்சி. படத்தில் வேண்டாததை நீக்கும் பாடத்துக்கான கையேடு நாளை அச்சுக்குப் போக வேண்டும். குளோன், ஹீல் இரண்டிலும் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மூல இடத்தைச் சொடுக்கிவிட்டு, மறைக்க வேண்டிய இடத்தில் தீட்டுகிறோம். குளோன் மூலத்தை அப்படியே கொண்டுவந்து வைக்கும். ஹீலோ, போய்ச் சேரும் இடத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் அதை இசைய வைக்கும். கோபுரப் படத்தில் மின்கம்பி வெறும் வானத்தில் ஓடும்வரை ஹீல் போதும். அதே கம்பி சுதை உருவத்தின் விளிம்பைத் தொடும் இடத்தில் ஹீல் போட்டால், பொம்மையின் நிறம் நீலத்தில் கசிந்து அழுக்காகிவிடும், அங்கே குளோன்தான். ஆகவே இரண்டு பெயர் வேண்டும். குளோனுக்கு 'படியாக்கி' என்று வைத்துவிட்டேன். 2007இல் 2.4 பதிப்போடு வந்த ஹீலுக்குத்தான் சொல் சிக்கவில்லை.

மதுரையிலிருந்து:
'ஆற்றி'. ஹீல் என்றால் புண்ணை ஆற்றுவதுதானே? ஆறு தன்வினை, ஆற்று பிறவினை, இகர விகுதி சேர்ந்தால் கருவிப்பெயர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து:
பிள்ளைகளுக்கு டீ ஆற்றுவதுதான் ஞாபகம் வரும் ஐயா.

மதுரையிலிருந்து:
வரட்டுமே. சூடு ஆறுவதும் சினம் ஆறுவதும் புண் ஆறுவதும் தணிதல் என்ற ஒரே பொருளின் கிளைகள். வழியைக் குறிக்கும் ஆறு வேறு. ஆற்றுப்படையில் வருவது அது. ஆனால் மூலத்திலிருந்து இலக்குக்குப் படப்புள்ளிகளை ஆற்றுப்படுத்தும் கருவி என்று கொண்டால் அதுவும் பொருந்துகிறது, பாருங்கள்!

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, ஆற்றுப்படுத்தல் எண்டால் எங்கட பக்கம் மனம் நொந்தவைக்குச் செய்யிற உளவளத்துணை. கிம்ப்பில சேர்க்கிற ரீசிந்தசைசர் செருகுநிரலில 'ஹீல் செலக்‌ஷன்' எண்டு ஒண்டு இருக்கு. மூலம் காட்டவே தேவையில்லை, தெரிவு செய்த இடத்தைச் சுற்றியிருக்கிறதை வைச்சுத் தானே நிரப்பும். அதை 'தெரிவை ஆற்று' எண்டு எழுதலாமோ?

தஞ்சாவூரிலிருந்து:
அம்மா, பேதை பெதும்பை என்று அடுக்கும் பெண்ணின் ஏழு பருவத்தில் வரும் தெரிவையையா ஆற்றச் சொல்கிறீர்கள்? இரண்டாம் வேற்றுமை இப்படிக் காலை வாருமென்று நினைக்கவில்லை. 'தேர்வு' என்று வைத்தால் பரீட்சையாகிவிடும்.

சென்னையிலிருந்து:
நான் ஸ்டுடியோக்காரன். நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் முகத்துச் சுருக்கத்தை மறைத்த நாளிலிருந்து எங்களுக்கு இது 'டச்சிங்'. தமிழில்தான் வேண்டுமென்றால் 'பட்டி' என்று வையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்குப் பட்டி பார்ப்பது இதே வேலைதானே? பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, பக்கத்துப் பெயின்ட்டோடு சேர்த்துவிடுவார்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம்.

மதுரையிலிருந்து:
பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம். நீங்கள் சொல்வது ஆங்கிலத்தின் திரிபு. சிலப்பதிகாரத்து இந்திரவிழவில் 'துன்ன காரர்' வருகிறார்களே, தைப்பவர்கள். 'துன்னி' என்போம்!

சென்னையிலிருந்து:
பட்டி தமிழில்லை என்று எந்த மெக்கானிக்கிடமும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
துன்னிக்கு அடிக்குறிப்பு வேண்டும். மெனுவில் அடிக்குறிப்பு போட இடமில்லை. 'சீராக்கி'?

சேலத்திலிருந்து:
சீராக்கி என்றால் மெனுவில் பாதிக் கருவிகள் சீராக்கிதான். அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். மூவர் மறுக்காததால் 'ஆற்றி', பக்கத்தில் 'ஹீல்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். வகுப்பில் வாய்க்கு வருவது பட்டியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மதுரையிலிருந்து:
மகிழ்ச்சி. இருந்தாலும் 'படியாக்கி' சரியில்லை. அதை யார் ஒப்புக்கொண்டது?