சிபிசி சீட்டில் எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு கணக்கு

கடலூர், குழந்தைகள் மருத்துவர்:
வாயில் வெள்ளைப் படலம் மருந்துக்கு அடங்காது, வயிற்றுப்போக்கு நிற்காது, எடை ஏறாது, கூடவே நிமோனியா. இப்படி வரும் கைக்குழந்தைகளின் ஃபைலில் சிபிசி எனும் இரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சீட்டு ஏற்கெனவே இருக்கும். மொத்த வெள்ளணுக்களை, அவற்றில் ஒரு வகையான லிம்போசைட்டின் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்துப் பாருங்கள். 6,000-இல் 20% என்றால் 1,200. பெரியவர்களுக்கு அது சரியான அளவு. சீட்டில் அச்சிட்டிருப்பதும் பல நேரம் பெரியவர்களுக்கான அளவுதான், அதனால் யார் கண்ணிலும் படாது. கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே என்றால் உடனே மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் குறைவு என்றால் 'ஸ்கிட்' எனும் கடும் எதிர்ப்புசக்திக் குறைபாடா என்று அறிய, லிம்போசைட்டுகளை வகைவாரியாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை. இரத்தத்தை, உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில், ஐஸ் இல்லாமல் அனுப்புங்கள். 3,000-க்கு மேல் இருப்பதாலேயே விட்டுவிடவும் கூடாது: தாயின் டி செல்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) குழந்தைக்குள் புகுந்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதுண்டு.

தாய்மாமன் யாராவது கைக்குழந்தையாக இருந்தபோதே தவறினாரா என்று பாட்டியிடம் கேளுங்கள். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகைக்கு அதுதான் தடயம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் பெண் குழந்தையையும் சந்தேகப்பட வேண்டும்.

புதுச்சேரி, குழந்தைகள் வார்டு செவிலியர்:
டாக்டர் சொன்னதோடு தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு. 6-ஆவது வாரம் ரோட்டா. மூன்றிலும் இருப்பது உயிருள்ள கிருமி. பிசிஜி போட்ட இடம் ஆறாமல் புண்ணாகி, அக்குளில் கட்டி வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் வந்த நாளிலிருந்து இந்தக் குழந்தைக்குச் சொட்டு மருந்து வேண்டாம். வீட்டில் இருக்கும் அண்ணன், அக்காவுக்கும் ஊசி போலியோ மட்டும் போதும்; சொட்டு போட்டால் அந்தக் கிருமி மலம் வழியாக இவனுக்கு வந்துவிடும். இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் கதிர்வீச்சு கொடுத்த பை மட்டுமே. இல்லையென்றால் இரத்தம் கொடுத்தவரின் லிம்போசைட்டுகள் குழந்தையின் உடலையே தாக்கும். பரிசோதனைக்கான இரத்தத்தை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கடலூர், ஒரு பெற்றோர்:
நன்றிங்க சிஸ்டர். எக்ஸ்எல்ஏ, அதாவது உடல் எதிர்ப்புப் புரதம் தயாரிக்காத பிறவிக் குறை, உள்ள பையன்களின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தாயிடமிருந்து வந்த ஐஜிஜி எனும் எதிர்ப்புப் புரதம் தீரும் 6 மாதத்துக்குப் பிறகுதான் காதில் சீழ், நிமோனியா என்று தொடங்கும். டார்ச் அடித்தால் தொண்டையில் டான்சில் தெரியாது. அந்தப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றும் ஐவிஐஜி மருந்து கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், 3-4 வாரத்துக்கு ஒருமுறை. 10 கிலோ குழந்தைக்கு 5 கிராம், அதாவது 5% மருந்தில் 100 மில்லி. புதுவையில் வாங்கிவந்தால் ஐஸ் பை பாட்டிலைத் தொடாமல் நடுவில் துணி வையுங்கள். உறைந்தால் மருந்து வீண். குலுக்கினால் நுரைத்துவிடும். குளிர் நடுக்கம், தலைவலி வருவது பெரும்பாலும் வேகமாக ஏற்றுவதால்தான்; உடனே சிஸ்டரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். அடுத்த டோஸுக்கு முன்பு ஐஜிஜி அளவு பார்க்கச் சொல்லுங்கள். குழந்தையின் எடை ஏற ஏற டோஸும் ஏற வேண்டும். பாட்டிலின் பேட்ச் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.