பீரோவுக்குள் தூங்கும் புத்தகங்களை எப்படி வெளியே கொண்டுவருவது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். போன வாரம் பின்பக்கத்துப் பீரோக்களைத் தூசி தட்டினோம், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் பழைய மொழிபெயர்ப்புகள், பயண நூல்கள், அருமையான ஒரு பறவைப் புத்தகம் என்று கிடைத்துக்கொண்டே இருந்தன, சிலவற்றின் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2004! வருகிறவர்களோ நாளிதழ் மேசை, போட்டித்தேர்வு அலமாரி, அதோடு சரி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே தன் ஐந்து நூலக விதிகளில் மூன்றாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று எழுதிவிட்டார், அந்த வாசகரை எங்கே போய்ப் பிடிப்பது என்பதுதான் எங்கள் பாடு.

வாசலருகே ஒரு மேசை போட்டு, வாரம் பத்துப் புத்தகம் வைத்து, படித்தவர் கையெழுத்தில் இரண்டு வரி செருகலாம் என்று நினைக்கிறோம். அட்டையை நாளிதழால் மூடி, கதையின் முதல் வரியை மட்டும் மேலே எழுதலாம் என்கிறார் ஒருவர். எனக்கு அது கொஞ்சம் விளையாட்டாகப் படுகிறது, பிள்ளைகளுக்குப் பிடித்தாலும் பிடிக்கலாம். உங்கள் ஊரில் யாராவது இப்படிச் செய்து பார்த்தீர்களா? உண்மையிலேயே வீட்டுக்கு எடுத்துப் போனார்களா, புரட்டிவிட்டு வைத்துவிட்டார்களா? அப்புறம், அந்த இரண்டு வரியில் கதையைச் சொல்வதா, யாருக்குப் பிடிக்கும் என்று சொல்வதா? பெரிய செலவு முடியாது, அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும்தான் கையிருப்பு.