டிஸ்க் கோல்ஃப்: புதிதாக ஆடத் தொடங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிடோக்வாசி:
ஃபின்லாந்துக்குப் போய்வந்த அலுவலக நண்பர் ஒருவர் அங்கிருந்து இந்தப் பைத்தியத்தோடு திரும்பினார். அவருடைய நச்சரிப்புத் தாங்காமல்தான் போனேன். எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள திடலுக்கு, மார்க்கெட் போகும் தள்ளுவண்டியில் மடக்குக் கூடையை வைத்து இழுத்து வந்தார். சங்கிலிகள் தொங்க அதை நிறுத்தியதும், நடைப்பயிற்சிக்கு வந்த பாட்டி ஒருவர், "என்னப்பா, புறாவுக்கு வைக்கிறீங்களா?" என்றார்.

கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் ஃப்ரிஸ்பீ போன்ற வீசும் தட்டு, அதாவது டிஸ்க்; குழிக்குப் பதில் அந்தக் கூடை. விதி எளிது. டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. குறைந்த வீச்சில் கூடைக்குள் போட்டவர் கெட்டிக்காரர். கொஞ்சம் தலை சுற்றுவது டிஸ்க் வாங்கும்போதுதான். பலவற்றின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் திரும்பும் அளவு, கடைசியில் சாயும் அளவு. ஏவியார் என்ற பட்டருக்கு (கிட்டத்திலிருந்து கூடைக்குள் போடும் டிஸ்க்) 2, 3, 0, 1. டெஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு (தூரம் வீசும் டிஸ்க்) 12, 5, -1, 3. வேகம் 12 என்றால் டிஸ்க் தானாக வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை. அந்த வேகத்தில் நாம் வீசினால்தான் அது ஒழுங்காகப் பறக்கும். புதியவர் கையில் கிடைத்தால், வலக்கைப் பின்வீச்சில் (கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்புறமாக வீசுவது), கிளம்பிய உடனே இடப்பக்கம் சாய்ந்து விழும். நண்பர் எனக்குப் பட்டரை மட்டுமே கொடுத்தார். அதுதான் சரி என்பேன். நம் திடல்களின் நீளத்துக்கு அதுவே போதும். தாண்டினால் வேலி, அதையும் தாண்டினால் சாலை.

வீசும்போது டிஸ்க்கின் முன்விளிம்பைக் கவனியுங்கள். இம்மி மேலே தூக்கியிருந்தாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி, நடுவானில் நின்று, பொத்தென்று விழுந்துவிடும். தோள் பலத்தைக் கூட்டுவதால் இது சரியாகாது. நெஞ்சுக்கு அருகே நேர்கோட்டில் இழுத்து விட்டால் சரியாகும்.

பொங்கோல் அக்கா:
தம்பி சொல்வது சரி. நான் படிக்கும் காலத்தில் அல்டிமேட் (இரண்டு அணிகள் டிஸ்க்கை வீசிப் பிடித்து ஆடும் விளையாட்டு) ஆடியவள், அதனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அல்டிமேட் டிஸ்க் ஏறக்குறைய 27 செ.மீ. அகலம், 175 கிராம். கோல்ஃப் டிஸ்க் 21 செ.மீ. அளவில்தான் இருக்கும், ஆனால் எடை கிட்டத்தட்ட அதே. டிரைவரின் விளிம்பு மெல்லியது, பட்டால் நன்றாகவே வலிக்கும். அக்கா மகன் பிடிப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்; வேண்டாம் என்று கத்திவிட்டேன். இது பிடித்து விளையாடும் டிஸ்க் இல்லை. நம் திடல்களில் எப்போதும் யாராவது இருப்பார்கள்: பந்து உதைக்கும் பையன்கள், நாயோடு வருபவர்கள். ஆள் கடந்து போகும்வரை காத்திருங்கள். கையை விட்டுப் போய்விட்டால் கூச்சப்படாமல் "ஃபோர்!" என்று கத்துங்கள்; கோல்ஃபில் எச்சரிக்கக் கத்தும் சொல் அது.

உட்லண்ட்ஸ் மச்சான்:
மழையை யாரும் சொல்லவில்லையே! சிங்கப்பூரில் ஆண்டுக்கு 150 நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது. திறந்த திடலில் இரும்புக் கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் விளையாட்டு இது. மைஎன்வி செயலியில் வானிலையைப் பார்த்துவிட்டே கிளம்புகிறேன். இடி கேட்டால் புளோக்குக்குக் கீழே ஓடிவிடு, மச்சான், ஸ்கோர் எங்கும் போகாது. அப்புறம் ஒரு துண்டு கட்டாயம். வியர்வைக் கையில் விலை கூடிய வழவழப்புப் பிளாஸ்டிக் நழுவும். மலிவான சாதாரணப் பிளாஸ்டிக் சீக்கிரம் தேய்ந்தாலும் பிடிமானம் நன்றாக இருக்கும்.

தூங்குமூஞ்சி மரத்தில் மாட்டினால் செருப்பை எறியாதீர்கள். எங்கள் திடல் மரத்தில் டிஸ்க் ஒன்றும் செருப்பு ஒன்றும் இன்னும் இருக்கின்றன.

பாசிர் ரிஸ் வாசகர்:
ஒரு துணுக்கு: சங்கிலிக் கூடையை உருவாக்கிய எட் ஹெட்ரிக், ஃப்ரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். அவர் 2002-இல் காலமானதும், அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து டிஸ்க் வார்த்தார்களாம். கங்கையில் கரைப்பது நமக்கு, டிஸ்க்கில் கரைவது அவருக்கு!

ஒரு கேள்வி: இடக்கையாளருக்கும் அதே பட்டர்தானா?

பிடோக்வாசி:
அதேதான் அண்ணே. பின்வீச்சில் உங்களுக்கு வலப்பக்கம் சாயும், அவ்வளவே. முதலில் 10 மீட்டருக்குள் நின்று கூடைக்குள் போட்டுப் பழகுங்கள், நீள வீச்சை அப்புறம் பார்க்கலாம். கூடை வாங்க வேண்டாம், ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன் எங்களோடு வந்து ஆடலாம். தண்ணீர் மட்டும் கொண்டுவாருங்கள்.