ஊர்ப்புற நூலகத்துக்குப் புத்தகமா, இணையமா?

கட்டபெட்டு வாசகன்:
வெளியூரில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்குக் கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். அலமாரியும் புத்தகமும் வாங்கலாம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். இரண்டு கணினி, நல்ல இணைய இணைப்பு, ஒரு பிரின்டர் போதும். மழைக்காலத்தில் இங்கே புத்தகம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும், அட்டை கையோடு பிரிந்து வரும். நீலகிரியைப் பற்றிப் படிக்க வேண்டுமா? கிரிக் தொகுத்த 1880ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு, பிரான்சிஸின் 1908 கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), இங்குள்ள பழங்குடிகளான தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் 1906இல் எழுதிய நூல், மூன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசம். ஊட்டியில் 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறதே என்பீர்கள். அது சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கானது. எங்கள் ஊர் பிளஸ் டூ மாணவனுக்கு அந்த மூன்று நூலும் எட்டியது இணையத்தால்தான்.

குன்னூர் டீச்சர்:
தம்பி, நீங்கள் சொன்ன மூன்றுமே ஆங்கில நூல்கள். எழுதிய மூவரும் வெள்ளைக்காரர்கள், அதில் இருவர் அரசாங்க அதிகாரிகள். இது தற்செயலாக நடந்ததில்லை. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆன பிறகுதான் காப்புரிமை முடியும். அதனால் தடையில்லாமல் இணையத்துக்கு வருவது பழைய நூல்கள்தான். அந்தக் காலத்தில் இந்த மலையைப் பற்றி அச்சில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆட்சியில் இருந்தவர்கள். தோட்டத் தொழிற்சங்கத்தின் துண்டறிக்கை, ஊர்த் திருவிழா மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, இதெல்லாம் எந்தத் தளத்தில் இருக்கிறது? தேடிக் கிடைக்காததை, இல்லவே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள் மாணவர்கள். தோட்டத் தொழிலாளர் பற்றி என் மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை முழுக்க அதிகாரிகளின் பார்வை. அவள் வீட்டிலேயே தாத்தாவின் சங்க உறுப்பினர் அட்டை இருக்கிறது.

மஞ்சூர் மழை:
ஆடி மாதம் எங்கள் பக்கம் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரன்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னாலேயே டவரும் போய்விடும். அன்றைக்கு உங்கள் கணினியில் யார் என்ன படிப்பது? காலையில் செய்தித்தாளுக்கென்றே நடந்து வரும் வயதானவர்களையும் கணக்கில் எடுங்கள்.

கூடலூர் பேரன்:
டீச்சர், நீங்கள் கேட்ட மாதிரியான காகிதங்கள் இருக்கும் தளம் ஒன்று எனக்குத் தெரியும். என் தாத்தாவும் பாட்டியும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இங்கே அனுப்பப்பட்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட்டது; இன்று அது டான்டீ. அந்த இலங்கை வாழ்க்கையைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று தேடியபோது எங்கள் பக்கத்து நூலகத்தில் எதுவும் இல்லை. 'நூலகம்' தளத்தில் கிடைத்தது. 2005இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி அது. இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், அங்குள்ள தோட்டப் பகுதித் தமிழர்களான மலையகத்தவர் எழுதியவை உட்பட, ஸ்கேன் செய்து யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். பாட்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். போனில் திறந்து நான் வாசிக்க வாசிக்க, தோட்டங்களின் பெயரை அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

இன்னொன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். ஒரே அறையில் இருக்கும் ஒரே பிரதியை எதை நம்பி விட்டுவைப்பது?

குன்னூர் டீச்சர்:
அந்தத் தளத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் ஆட்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ததால் வந்தது அது. இணைப்பு வாங்கியதால் மட்டும் வந்துவிடாது. நம் மலைக்கு அப்படி யார் உட்கார்ந்தார்கள்? அதற்குள் பிள்ளைகள் ஏஐ செயலியிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நூலின் பெயரும் பக்க எண்ணும் சொல்லும். சில சமயம் அப்படியொரு நூலே இருக்காது. சரிபார்க்கக் கையில் மூலம் வேண்டும்.

கொடை வானம்:
பழனி மலையிலிருந்து ஒரு உதாரணம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்தார்கள். அவற்றை டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்த பிறகு, எந்த நாட்டு ஆய்வாளரும் நூறாண்டுச் சூரியப் புள்ளிகளை உட்கார்ந்த இடத்தில் ஒப்பிடலாம். ஆனால் முதல் தடவை எடுத்த ஸ்கேனின் துல்லியம் பிற்காலத் தேவைக்குப் போதவில்லை. அதனால் மேம்பட்ட கேமராவில் மறுபடியும் எடுத்தார்கள். தகடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ஸ்கேன் ஆகிவிட்டது, இனி மூலம் எதற்கு என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கட்டபெட்டு வாசகன்:
சரி, பிரின்டரை விட்டுவிடுகிறேன். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்கேனர். டீச்சர் சொன்ன துண்டறிக்கை, மலர், உறுப்பினர் அட்டை எல்லாவற்றையும் வீடுகளில் கேட்டு வாங்கி, எடுத்ததும் திருப்பிக் கொடுப்போம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அங்கே தடுமாறும். செய்தித்தாளுக்கு வரும் பெரியவர்கள் அந்த எழுத்தைப் படித்து வளர்ந்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் தரட்டும். ஆனால் கணினி இரண்டும் வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

மஞ்சூர் மழை:
திருப்பிக் கொடுப்பீர்கள், சரி. வீட்டில் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அதை எங்கே வைப்பீர்கள்? ஈரம் ஏறாத இரும்பு அலமாரி ஒன்றாவது கணக்கில் இருக்க வேண்டும். ஒரு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு அலமாரி, கரன்ட் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டர். இதற்குச் சம்மதம் என்றால் எங்கள் ஊரிலும் பணம் கேட்டுப் பார்க்கிறேன்.

கட்டபெட்டு வாசகன்:
இன்வெர்ட்டருக்குச் சம்மதம், அலமாரிக்கும் சம்மதம். அண்ணா, அந்த இரண்டாவது கணினிக்கு மட்டும் உங்கள் ஊரில் கேளுங்கள். பரீட்சை நேரத்தில் ஒன்றுக்கு முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள்.