எடை மேடை கம்ப்யூட்டர்ல அப்டேட் பெட்டி வந்துட்டே இருக்குதுங்க, நிறுத்தறது எப்படி? (அவசரம்)

காங்கேயம் மேடை
வணக்கமுங்க. மேடை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பொழுதன்னைக்கும் அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு பெட்டி வந்து நிக்குது. லாரி நம்பர் அடிச்சுட்டு இருக்கறப்ப வந்துச்சுன்னா கர்சர் எங்கியோ போயிருது. எக்ஸ் அடிச்சா போகுது, சித்த நேரத்துல திரும்ப வருது. கொப்பரை லோடு வரிசையா நிக்குதுங்க. ஒரேயடியா நிறுத்த என்ன பண்ணோணும்? சீக்கிரம் சொல்லுங்.

பல்லடம் பிசி
எதோட அப்டேட்டுங்க? விண்டோஸா, ஆன்டிவைரஸா, பிரின்டரா, எடை சாப்ட்வேரேவா? பெட்டியோட தலைப்புல என்ன பேர் போட்டிருக்குது?
விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, வின்வெர்னு (winver) அடிச்சு என்டர் தட்டுங்க. 10ஆ 11ஆ, ஹோமா புரோவான்னு வரும். அதை இங்க போடுங்க.
அடுத்த தடவை பெட்டி வர்றப்ப எக்ஸ் அடிக்காம விண்டோஸ் கீ கூட பிரின்ட் ஸ்கிரீன் கீயைத் தட்டுங்க. பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள்ள ஸ்கிரீன்ஷாட்ஸ்ங்கற ஃபோல்டர்ல படம் நிக்கும்.

ஊத்துக்குளி வெண்ணெய்
இதுக்கு எதுக்குங்க இத்தனை கேள்வி. சர்வீசஸ் திறந்து விண்டோஸ் அப்டேட்ங்கற வரியில டபுள் கிளிக், ஸ்டார்ட்டப் டைப்பை டிஸேபிள்னு வெச்சு, ஸ்டாப் அழுத்தி ஓகே. வேலை முடிஞ்சுது.

கணபதி டூல்ரூம்
வருடா வருடம் யாராவது ஒருவர் இந்த வைத்தியத்தை எழுதிவிட்டுப் போகிறார். விண்டோஸ் 10இல் அப்டேட் மெடிக் என்று தனியாக ஒரு சர்வீஸ் இருக்கிறது. அப்டேட் சர்வீஸை நீங்கள் டிஸேபிள் செய்தால் அதைத் திரும்ப எழுப்பி விடுவதுதான் அதற்கு வேலை. மெடிக்கை சாதாரணமாக நிறுத்தவும் முடியாது, ஆக்சஸ் டினைட் என்று வரும். போதாததற்கு அப்டேட் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு சர்வீஸ் வேறு. எழுதுவதற்கு முன் தேடல் பெட்டியில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஊத்துக்குளி வெண்ணெய்
எனக்கு வேலை செய்யுதுங்க சாமி.

கணபதி டூல்ரூம்
எத்தனை நாளைக்கு?

நாமக்கல் லாரி
அது வைரஸ்தான். ஃபார்மட் அடிச்சு புதுசா விண்டோஸ் ஏத்துங்க, எல்லாம் சரியாயிரும்.

பல்லடம் பிசி
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதையா இருக்குது. எடை சாப்ட்வேரோட லைசென்ஸ், பழைய ரசீது டேட்டாபேஸ், எடைக் கருவியைச் சேர்க்கற காம் போர்ட் செட்டிங், காலிபரேஷன் பாஸ்வேர்டு எல்லாம் யாரு திரும்பப் போடுவாங்க? ஃபார்மட் பேச்சே வேண்டாமுங்க.

காங்கேயம் மேடை
விண்டோஸ் 10ங்க. வலது மூலையில கீழ வருது. சிலசமயம் திரை முழுக்க நீலமாவும் வருது. லோடு இருக்குது, அப்புறம் வர்றேன்.

பல்லடம் பிசி
ஹோமா புரோவான்னு சொல்லலீங்களே. சரி, போகட்டும். நீங்க சொன்னதுலயே ரெண்டு சங்கதி இருக்குது. மூலையில வர்றது வேற, திரை முழுக்க வர்றது வேற. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணு கெடையாது.

மொதல்ல வரிசையில நிக்கற லாரிக்கு முதலுதவி. டாஸ்க்பார் வலது கோடியில நோட்டிஃபிகேஷன் ஐகானைத் தட்டினா ஃபோகஸ் அசிஸ்ட்னு ஒரு கட்டம் இருக்கும். ரெண்டு தடவை தட்டி அலாரம்ஸ் ஒன்லின்னு வெச்சுருங்க. மூலைப் பெட்டி எல்லாம் கண்ணுல படாம உள்ள போய் உக்காந்துக்கும், சாயங்காலம் மொத்தமா பாத்துக்கலாம்.

இன்னொண்ணு கவனியுங்க. மூலைப் பெட்டி தானா வந்து கர்சரைப் பிடுங்காது. எக்ஸ் அடிக்க மவுஸைக் கொண்டு போறீங்க பாருங்க, அந்தக் கிளிக்குலதான் கர்சர் நம்பர் கட்டத்தை விட்டுப் போகுது. திரும்பக் கட்டத்துல ஒரு கிளிக் பண்ணிட்டு அடிங்க. நடுத்திரையில வர்ற பெட்டின்னா கதை வேற. நீங்க பாக்காம என்டர் தட்டினா அதுல எந்தப் பொத்தான் தயாரா இருக்குதோ அது அமுங்கிரும். ரீஸ்டார்ட் நவ்வா இருந்துச்சுன்னா காலி எடை போட்ட வண்டி மேடையில நிக்கறப்பவே மெஷின் மூடிக்கும்.

யாரு அனுப்பறாங்கன்னு கண்டுபிடிக்கறது சுலபம்: செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் அண்ட் ஆக்ஷன்ஸ். கீழ வரைக்கும் இறங்கினா அனுப்பறவங்க பட்டியல் இருக்கும். வரிசைப்படுத்தறதை மோஸ்ட் ரீசன்ட்னு மாத்துங்க. இப்பத்தான் பெட்டி அனுப்பினவன் தலைமாட்டுல நிப்பான். அந்தப் பேர் என்னன்னு மட்டும் சொல்லுங்க.

கோபி பச்சைமலை
திரை முழுக்க நீலமா வர்றதுக்கு என் பங்குக்கு. அதே நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்துல மேலாப்புல மூணு டிக் இருக்குது. அப்டேட்டுக்கு அப்புறம் வெல்கம் எக்ஸ்பீரியன்ஸ் காட்டறது ஒண்ணு, மெஷின் செட்டப்பை முடிக்க வழி சொல்றது ஒண்ணு, டிப்ஸ் அண்ட் ட்ரிக்ஸ் ஒண்ணு. மூணையும் எடுத்துருங்க. ரிமைண்ட் மீ லேட்டர்னு வர்ற முழுத்திரையில பாதிக்கு மேல இதுலயே அடங்கிரும்.

11க்கு மாறச் சொல்லி வந்துச்சுன்னா, விண்டோஸ் அப்டேட் பக்கத்துல டவுன்லோட் பொத்தானுக்குப் பக்கத்துலயே ஸ்டே ஆன் விண்டோஸ் 10 ஃபார் நவ்னு சின்ன எழுத்துல இருக்கும். அதைத் தட்டுங்க. நிரந்தரமா வேணும்னா, புரோவா இருந்தா குரூப் பாலிசி எடிட்டர்: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட், அதுக்குள்ள விண்டோஸ் அப்டேட் ஃபார் பிசினஸ். டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன்ங்கற வரியை எனேபிள் பண்ணி, முதல் கட்டத்துல விண்டோஸ் 10, ரெண்டாவதுல 22எச்2ன்னு (22H2) போடுங்க. அதுக்கு மேல ஏறச்சொல்லிக் கேக்காது. ஹோம்ல இந்த எடிட்டரே இருக்காது, அதனாலதான் ஹோமா புரோவான்னு எல்லாரும் கேக்கறோம்.

ரீஸ்டார்ட் நேரத்துக்கு ஆக்டிவ் ஹவர்ஸ் இருக்குது. அதிகபட்சம் 18 மணி நேரம் வெக்கலாம். காலையில 5ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் வெச்சா அந்த நேரத்துல தானா ரீஸ்டார்ட் ஆகாது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல 35 நாள் வரைக்கும் அப்டேட்டை பாஸ் பண்ணவும் (நிறுத்தி வெக்கவும்) வழி இருக்குது. சீசன் முடியற வரைக்கும் தாக்குப் பிடிக்கும். ஆனா 35 நாள் முடிஞ்சதும் வந்தாகோணும். வந்தது எல்லாத்தையும் ஏத்தினப்புறம்தான் மறுபடி பாஸ் பண்ண விடும்.

சென்னிமலை தறி
மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஓட்டறீங்களா? அப்படின்னா நெட்வொர்க் செட்டிங்ல மீட்டர்டு கனெக்ஷன்னு போட்டுருங்க. பெரிய டவுன்லோட் எல்லாம் காத்திருக்கும். கேபிள் நெட்டா இருந்தாலும் அதே பொத்தான் உண்டு.

மின்ட் மேட்டுப்பாளையம்
விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க. அப்டேட் உங்களைக் கேட்டுத்தான் வரும். இந்த அக்கப்போரே இல்லை.

பல்லடம் பிசி
எடை சாப்ட்வேர் அதுல ஓடுமா? பாதி மேடையில இன்னும் விஷுவல் பேசிக் 6ல எழுதினதோ, டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவோதான் ஓடுது. ஃபாக்ஸ்புரோன்னா 32பிட் விண்டோஸ் 10 வேணும், 64பிட்டுல 16பிட் புரோகிராம் எந்திரிக்காது. 11ல 32பிட்டே கெடையாது. மேடைக்காரங்க 10ஐ விட மாட்டேங்கறதுக்கு இதுவும் ஒரு காரணமுங்க.

மின்ட் மேட்டுப்பாளையம்
விண்டோஸ் புரோகிராமை ஒயின்ங்கற (Wine) சாப்ட்வேர்ல ஓட்டலாம், டாஸ் புரோகிராமை டாஸ்பாக்ஸ்ல ஓட்டலாம்.

பல்லடம் பிசி
சீரியல் போர்ட்டும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் சேர்ந்து ஓடி, ரசீது சரியான வரியில அடிச்சா சொல்லுங்க, நானே மாறிக்கறேன்.

கணபதி டூல்ரூம்
லினக்ஸ் பிரசங்கத்துக்குத் தனி இழை உண்டு. இங்கே முக்கியமான ஒன்றை யாரும் கேட்கவில்லை. இண்டிகேட்டர் (எடை காட்டும் கருவி) எதன் வழியாக கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கிறது? மதர்போர்டில் சீரியல் போர்ட் இல்லாமல் யுஎஸ்பி கன்வெர்ட்டர் என்றால், அப்டேட்டில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது டிரைவர். பழைய பிஎல்2303 சிப் கன்வெர்ட்டருக்கு விண்டோஸ் புது டிரைவரை ஏற்றிவிட்டால், அது பழைய சிப்பை ஏற்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 10. எடை திரையில் வராது. கேபிள் போய்விட்டது என்று எண்ணி ஆட்கள் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். செய்ய வேண்டியது: அந்த வரியில் ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக். பட்டியலில் 2008ஆம் ஆண்டு 3.3.2 வரிசை டிரைவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவும். இல்லையென்றால் அதைத் தனியாக நிறுவிவிட்டு மறுபடி இதே வழியில் வரவும்.

திரும்ப நடக்காமல் இருக்க: குரூப் பாலிசியில் அதே விண்டோஸ் அப்டேட் கிளையில் டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் என்ற வரி. ஹோம் என்றால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ், நோ. இது பாலிசி அளவுக்கு உறுதியானதில்லை. கன்வெர்ட்டரை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினால் காம் 3 காம் 5 ஆகிவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

ஊத்துக்குளி வெண்ணெய்
பாத்தீங்களா, அப்டேட்டே வேண்டாம்னு நான் சொன்னதும் இதுக்குத்தான். 2024 ஜூலை 19 மறந்து போச்சா? ஒரே அப்டேட்டுல உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரையில நின்னுச்சு. ஏர்போர்ட்டே நின்னு போச்சு.

கோபி பச்சைமலை
அது விண்டோஸ் அப்டேட்டே இல்லீங்க. கிரவுட்ஸ்ட்ரைக்குங்கற பாதுகாப்பு சாப்ட்வேர் அனுப்பின ஃபைல். நீங்க விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வெச்சிருந்தாலும் அது வந்துதான் இருக்கும். எதிர்க்கணக்கு நான் சொல்றேன்: 2017 மார்ச்லயே ஓட்டையை அடைக்கற அப்டேட் வந்துருச்சு, மே 12ல வான்னாக்ரைங்கற, ஃபைலைப் பூட்டிக் காசு கேக்கற வைரஸ் வந்துச்சு. ரெண்டு மாசம் அப்டேட் பண்ணாத மெஷின்தான் மாட்டுச்சு. ஒரு மெஷின்ல புகுந்தா அதே நெட்வொர்க்ல ஃபைல் ஷேரிங் வழியா அடுத்ததுக்குத் தாவிருச்சு. மேடை மெஷினும் பில் போடற மெஷினும் ஒரே ரவுட்டர்ல இருக்குதுன்னா யோசிக்கோணும்.

ஊத்துக்குளி வெண்ணெய்
மேடை மெஷினுக்கு நெட்டே வேண்டாம், கேபிளை உருவிப் போடுங்க. அப்டேட்டும் வராது, வைரஸும் வராது.

சென்னிமலை தறி
எடைச் சீட்டை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லிப் பார்ட்டி கேப்பாங்க, ஈவே பில் போடோணும். எப்படி உருவறது?

ஊத்துக்குளி வெண்ணெய்
அதுக்கு வேற மெஷின் வாங்கோணும்.

நாமக்கல் லாரி
வாங்கறதுதான் வாங்கறீங்க, 11 போட்ட மெஷினா வாங்கிருங்க. 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு.

கோபி பச்சைமலை
ஒரேயடியா முடியலை, நீட்டிப்பு இருக்குது. 22எச்2 பதிப்பா இருந்து, அட்மின் அக்கவுன்ட் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டா இருந்தா, விண்டோஸ் அப்டேட் பக்கத்துல என்ரோல் நவ்னு வரும். செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணினா காசு இல்லை, இல்லாட்டி 1000 ரிவார்ட்ஸ் பாயின்ட் இல்லைன்னா 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். புது மெஷின் பேச்சுக்கு முன்னால இதைப் பண்ணுங்க. 11க்கு, இன்டெல்னா எட்டாம் தலைமுறை பிராசசரும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். மேடை ஆபீஸ்ல இருக்கற மெஷின்ல பெரும்பாலும் ரெண்டும் இருக்காது.

காங்கேயம் மேடை
பட்டியல்ல மேல நிக்கறது கூகுள் குரோம்ங்க. அதுக்குக் கீழ ஏதோ சினிமா சைட் பேர் இருக்குது. குரோம்தான் அப்டேட் கேக்குதா?

பல்லடம் பிசி
சிக்கிருச்சு. குரோம் இப்படிக் கேக்காதுங்க. யாரோ மேடையில உக்காந்து அந்த சைட்டுக்குப் போயிருக்காங்க. நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமான்னு கேட்டதுக்கு அலவ் தட்டியாச்சு. அந்த சைட்தான் டிரைவர் பழசாயிருச்சு, பாதுகாப்பு காலாவதி ஆயிருச்சுன்னு பொய்ப் பெட்டி அனுப்புது. அதுல இருக்கற அப்டேட் பொத்தானை யாராவது தட்டியிருக்காங்களான்னு மொதல்ல கேளுங்க.

குரோம்ல மூணு புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி குடுத்த பட்டியல்ல அந்தப் பேருக்குப் பக்கத்துல மூணு புள்ளியைத் தட்டி பிளாக் குடுங்க. ரிமூவ் குடுத்தா அடுத்த தடவை போறப்ப திரும்பக் கேக்கும், ஆரோ திரும்ப அலவ் தட்டுவாங்க. மேல இருக்கற பொதுப் பொத்தானையும் சைட் எதுவும் அனுப்பக் கூடாதுன்னு மாத்திருங்க. குரோமை மூடின பின்னாலயும் வருதுன்னா, சிஸ்டம் பகுதியில மூடினாலும் பின்னால ஓடற அனுமதியை எடுங்க.

பொத்தானைத் தட்டியிருந்தா செட்டிங்ஸ்ல ஆப்ஸ் பட்டியலை இன்ஸ்டால் தேதி வரிசையில பாருங்க. டிரைவர் அப்டேட்டர், கிளீனர், ஆப்டிமைசர்னு பேர் இருக்கறது எதுவா இருந்தாலும் தூக்குங்க. அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில ஆஃப்லைன் ஸ்கேன் ஒண்ணு போடுங்க. கால் மணி நேரம் ஆகும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். வண்டி இல்லாத நேரமாப் பாத்துப் போடுங்க.

நாமக்கல் லாரி
வைரஸ்னு நான் மொதல்லயே சொன்னேன்.

கணபதி டூல்ரூம்
வைரஸ் இல்லை.

காங்கேயம் மேடை
பிளாக் பண்ணியாச்சுங்க. மூணு டிக்கும் எடுத்தாச்சு. ஒரு டிரைவர் அப்டேட்டர் இருந்துச்சு, தூக்கிட்டோம். இப்ப வரலை. நன்றிங்.

கோபி பச்சைமலை
நல்லதுங்க. ஹோமா புரோவா?

கணபதி டூல்ரூம்
கன்வெர்ட்டரா, நேர் சீரியல் போர்ட்டா என்பதும் சொல்லவில்லை.

புளியம்பட்டி சந்தை
இதே மாதிரி எனக்கு ஜாவா அப்டேட் அவைலபிள்னு வருதுங்க. கன்ட்ரோல் பேனல்ல டிக் எடுத்தாலும் அடுத்த நாள் திரும்ப டிக் நிக்குது.

கணபதி டூல்ரூம்
புது இழை போடுங்கள்.

பல்லடம் பிசி
அட, ஒரு வரிதானுங்க. ஜாவா ஃபோல்டருக்குள்ள பின் ஃபோல்டர்ல ஜாவா கன்ட்ரோல் பேனல் ஃபைல் இருக்கும். அதை ரைட் கிளிக் பண்ணி ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, அப்டேட் டேப்ல டிக்கை எடுங்க. சாதாரணமா திறந்தா சேவ் ஆகாது. ஜாவாவே எதுக்கும் தேவையில்லைன்னா அன்இன்ஸ்டால் பண்ணிருங்க, அதுதான் நல்லது.